முன்கம்பீர விருது

டேன் மாரெக் ஐந்து நாற்பதுக்கு எழுந்தான். சமையலறை அலமாரிக்குக் கீழே கிடந்த முக்காலியைக் காலால் ஒதுக்கினான். காப்பித்தூள் டப்பாவை எடுத்தான். முக்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டான். இரண்டு கோப்பை காப்பி போட்டு ஒன்றைக் குடித்தான், மற்றதைத் தொட்டியில் ஊற்றினான். குளித்தான். சவரம் செய்தான். அளவு டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தன் பழைய சின்னக் காரில் ஏறினான். வழியில் பெட்ரோல் பங்கில் பிளம் பழம் வைத்த கொலாச்சி ரொட்டி இரண்டு வாங்கி ஒன்றைத் தின்றான். இன்னொன்று பக்கத்து இருக்கையில் ஆறிக்கொண்டு வந்தது. பதினான்கு மாதமாக இதே வரிசைதான்.

முக்காலி கோராவுடையது. கோரா அவன் மனைவி. உயரம் நாலடி பதினோரு அங்குலம். முக்காலி இல்லாமல் அவளுக்கு மேல்தட்டு எட்டாது. இப்போது எட்டவேண்டிய தேவையும் இல்லை.

சாலையில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் விரலைத் தூக்கினார்கள். அவர்கள் ஊரான அபிலீன் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல் ஆட்காட்டி விரலை மட்டும் தூக்கினால் வணக்கம். நிற்கிற வண்டியிலிருந்து தூக்கினால், ‘நீங்க முதல்ல போங்க’ என்று பொருள். தூக்காதவன் வெளியூர்க்காரன், இல்லையென்றால் தூங்கிவிட்டான். டேனும் பதிலுக்குத் தூக்கினான். விரலுக்குத் துக்கம் கிடையாது.

அவன் வேலை பார்த்தது தென்சமவெளி பிக்கப் ஒப்பீட்டுப் பேரவையில். ஆண்டுதோறும் புதிதாக வரும், பின்னால் சரக்குத் தொட்டி வைத்த பெரிய பிக்கப் வண்டிகளை ஒப்பிட்டு, எது சிறந்தது என்று மக்களுக்குச் சொல்வதே பேரவையின் நோக்கம். முப்பத்தோரு ஆண்டுகளாக ஒப்பிடுகிறார்கள். இன்னும் சொல்லவில்லை. போட்டியில் நிற்பவை மூன்று: சாவரின், பிரிகேடியர், பக்ஹார்ன். பேரவைக் கட்டடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தது பிரிகேடியர். குளிர்சாதனம் சாவரின் உபயம். காப்பி இயந்திரம் பக்ஹார்ன் தந்தது. மூன்றில் ஒன்று மட்டமென்று சொன்னால் பேரவை நனையவேண்டும், வேகவேண்டும், அல்லது காப்பியில்லாமல் விழித்திருக்கவேண்டும். ஆகவே மூன்றும் சிறந்தவை என்ற முடிவை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கான காரணங்களைப் பிறகு அளந்தார்கள். அளப்பவன் டேன். லபக் நகரத்தில் எந்திரப் பொறியியல் படித்தவன்.

கோரா இறந்தது ஒரு மளிகைக் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில். பகல் பதினொன்றரை மணி. நல்ல வெயில். ஒரு சாவரின் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் அவள் கடந்தபோது அது கிளம்பியது. வேகம் மணிக்கு நாலு மைல். ஓட்டியவர் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். முப்பது வருஷத்தில் ஒரு பூனையைக்கூட இடிக்காதவர். “திரையில ஒரு விரலால பாட்டு மாத்திட்டு நிமிர்ந்தேன். எதிர்ல கடைச் சுவர்தான் இருந்துச்சு. வேற ஒண்ணுமே இல்ல” என்று சொல்லிச் சொல்லி அழுதார். டேன் அவர்மேல் கோபப்பட முயன்றான். முடியவில்லை. அந்த வண்டியின் பானெட்டை, எஞ்சின் மூடியின் உயரத்தை, அவனே அளந்திருக்கிறான். அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் சுவர் மட்டும்தான் தெரியும்.

காவல் பதிவில் எழுதியிருந்தார்கள்: ‘காரணம்: பாதசாரியின் கவனக்குறைவு. கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.’

பேசிக்கொண்டிருந்தது டேனிடம்தான்.

அந்த ஒரு வரியை அடிக்கவேண்டும் என்று அவன் பதிவு அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த பெண் நல்லவள். “வண்டிக்காரருக்கு அவங்க தெரிஞ்சிருக்கவே முடியாதுன்னு யாராச்சும் அளந்து எழுதிக் கொடுக்கணும் சார். வண்டி செஞ்ச கம்பெனியே கொடுத்தா இன்னும் நல்லது” என்றாள். டேன் சாவரினுக்கு எழுதினான். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. ‘எங்கள் வண்டியின் முன்னால் எவ்வளவு தூரம் ஓட்டுநருக்குத் தெரியாது என்பதை எவரும் எக்காலத்திலும் அளந்ததில்லை. அளக்கப்படாத ஒன்றை இருப்பதாகக் கொள்ள இயலாது. தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.’ கடிதத்தோடு ஒரு பெட்டி. உள்ளே உள்ளங்கை அளவில் சாவரின் பொம்மை. கதவெல்லாம் திறந்தது. முன்விளக்கு எரிந்தது.

பேரவையும் துக்கம் அனுசரித்தது. தலைவர் ராய்ஸ் பென்டில்டன் தொப்பியைக் கழற்றச் சொல்லி ஒரு நிமிட மௌனம் அறிவித்தார். மூன்று வண்டிகளும் வெளியே உறுமிக்கொண்டிருந்தன. எதை முதலில் அணைப்பது என்று முடிவாகாததால் எதையும் அணைக்கவில்லை.

அடக்கத்தின்போது போதகர், கோரா கடைசியாகக் கடவுளின் கருணையைப் பற்றிப் பேசினாள் என்றார். கோராவின் அக்காள், குழந்தை பெற்றுக்கொள்வதைப் பற்றிப் பேசினாள் என்றாள். ஆளுக்கொன்று சொன்னார்கள். டேனிடம் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

*

அந்த ஆண்டு பேரவைக்கு ஒரு நெருக்கடி. விருதுகள் நாற்பது, நிறுவனங்கள் மூன்று. ஆளுக்குப் பதின்மூன்று போக ஒன்று மிச்சம். சென்ற ஆண்டு அந்த மிச்சத்தைப் பக்ஹார்னுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜூலை முழுக்கக் குளிர்சாதனம் பழுதாகவே இருந்தது.

செயற்குழு கூடியது. ராய்ஸ் பென்டில்டன் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவருடைய தொப்பிக்குத் தனி நாற்காலி. ஒன்பது நடுவர்களும் தங்கள் தொப்பிகளோடு உட்கார்ந்தார்கள். செயலாளர் வனெட்டா போக் குறிப்பெடுத்தார். அறுபத்தெட்டு வயது. அரசிடம் பதிந்த நோட்டரியும் அவரே. முத்திரையைக் கைப்பையில் உதட்டுச் சாயத்தோடு வைத்திருப்பார்.

“ரெண்டு விருது புதுசா வேணும். நாப்பத்திரெண்டு ஆனா ஆளுக்குப் பதினாலு. யார் வீட்லயும் சண்டை வராது” என்றார் ராய்ஸ்.

ஒரு நடுவர், கதவைச் சாத்தும் ஓசைக்கு ஒரு விருது கொடுக்கலாம் என்றார். கைதட்டினார்கள். இன்னொன்றுக்கு இருபது நிமிடம் யோசித்தார்கள். தொப்பி வைக்கும் உயரத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. தேநீர்க் கோப்பைக் குழிக்கு இருக்கிறது. திரையை ஒரே விரலால் இயக்குவதற்கு இருக்கிறது. அதைச் சென்ற ஆண்டு சாவரின் வாங்கியது. பாரம் ஏற்றுவதற்கு மட்டும் இல்லை. அதை யாரும் கேட்டதில்லை.

டேன் கையைத் தூக்கினான். கூட்டத்தில் அவன் கை தூக்கியது அதுவே முதல் தடவை.

“முன்கம்பீரம்” என்றான்.

“என்னது தம்பி?”

“வண்டி எவ்வளவு பெருசுங்கறது ஓட்டறவனுக்கு எப்படித் தெரியும்? முன்னால ஒரு கம்பம் வைப்போம். பம்பர்ல இருந்து தள்ளித் தள்ளி நகத்திக்கிட்டே போவோம். ஓட்டறவர் கண்ணுக்குக் கம்பம் தெரியுற இடத்துல நிறுத்தி அளப்போம். யார் வண்டியில அதிக தூரம் நகத்தணுமோ அவங்களுக்கு விருது.”

ராய்ஸின் கண்கள் கலங்கின.

“முப்பத்தோரு வருஷமா இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன் தம்பி. கம்பீரம்னா என்ன? எதிர்ல நிக்கிறவனைப் பாக்க வேண்டிய அவசியமே இல்லாம இருக்கறது. எங்கப்பா பண்ணையில அப்படித்தான் இருந்தார். இந்த நாட்டுல சராசரி மனுஷனுக்கு அந்தக் கொடுப்பினை எங்க கிடைக்குது? பிக்கப்புல கிடைக்குது.”

“ஒரே ஒரு வேண்டுகோள். மத்த நாப்பத்தொண்ணையும் நீங்க எப்பவும்போலப் பிரிச்சுக்குங்க. இதை மட்டும் டேப்பு முடிவு பண்ணட்டும்” என்றான் டேன்.

நடுவர்கள் சங்கடமாக நெளிந்தார்கள். அளந்து முடிவெடுப்பது பேரவையின் மரபில்லை. ஆனால் ராய்ஸ் உணர்ச்சியின் உச்சத்தில் இருந்தார். நிறைவேறியது.

விதிகளை டேன் எழுதினான். மூன்று பக்கம். வனெட்டா தட்டச்சு செய்துகொண்டே வந்தவர் பதினான்காம் விதியில் நின்றார். ‘முடிவை எதிர்த்து முறையிடும் நிறுவனம், தன் சொந்த ஆய்வுக்கூடத்தில் முன்பே எடுத்த அளவை, தேதியோடும் தலைமைப் பொறியாளர் கையெழுத்தோடும் நோட்டரி முன் ஒப்படைக்கவேண்டும்.’

வனெட்டா மூக்குக்கண்ணாடியை இறக்கினார். “கண்ணு, இதை வாசிச்சா எனக்கு எங்க வீட்டு எலிப்பொறி ஞாபகம் வருது.”

டேன் அடுத்த தாளை அவர் பக்கம் நகர்த்தினான்.

“கம்பம் எவ்வளவு உயரம்னு போடட்டும்?”

“நாலடி பதினோரு அங்குலம்.”

வனெட்டா அவனைப் பார்த்தார். கோராவுக்குக் கல்யாண உடுப்பின் ஓரத்தை மடித்துத் தைத்தவர் அவர்தான். ஐந்து அங்குலம் மடிக்கவேண்டியிருந்தது.

“சரி. பொறியை நீ வச்சுட்ட. தீனியை நான் வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அவராகவே ஒரு வரி சேர்த்தார்: ‘இவ்விருதே விழாவின் இறுதியில், நேரலையில், தலைவரின் கையால் வழங்கப்படும்.’

*

ஒப்பீட்டு நாள் அபிலீனுக்கு வெளியே ஒரு பண்ணையில். மூன்று வண்டிகளும் கழுவித் துடைத்து நின்றன. மண் படக்கூடாதென்று கீழே பாய் விரித்திருந்தார்கள்.

காலையில் தொப்பிச் சோதனை. ஒன்பது நடுவர்களும் தொப்பியோடு ஏறி, தொப்பியோடு இறங்கினார்கள். பிறகு தேநீர்ச் சோதனை. பக்ஹார்னில் இருபத்திரண்டு கோப்பைக் குழிகள் இருந்தன. உட்காரும் இடம் ஐந்து. கதவோசைச் சோதனைக்கு நடுவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிரிகேடியரின் பின்கதவு சாத்தியபோது ஒருவர் அழுதேவிட்டார். இறந்துபோன தன் மாமனார் வெளியே போவதுபோல இருந்ததாம். அது ஆனந்தக் கண்ணீரா என்று யாரும் விசாரிக்கவில்லை.

மதியம் நடுவர்களில் ஐந்து பேரை ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு, பின்தொட்டியில் மதியச் சாப்பாட்டுக்கான இறைச்சி அடுப்பையும் வைத்துக் கிளம்பினார்கள். டேன் ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் படித்தான். வண்டி தாங்கும் பாரத்தை நடுவர்களே தாண்டியிருந்தார்கள். அடுப்பு உபரி. அதை ராய்ஸிடம் சொன்னான்.

“அந்தச் சீட்டு வக்கீலுங்க எழுதறது தம்பி. விளம்பரத்துல போட்டிருக்கறதை நம்பு” என்றார் ராய்ஸ்.

கடைசியில் முன்கம்பீரம். டேன் கம்பத்தைக் கொண்டுவந்தான். வெள்ளைப் பூச்சு, தலையில் சிவப்பு. அவனே இழைத்தது. விதி எளிது: நிறுவனம் நியமிக்கும் ஓட்டுநர் உட்காருவார். சிவப்பு தெரிந்ததும் ஹாரன் அடிப்பார்.

நிறுவனங்கள் தயாராக வந்திருந்தன. பக்ஹார்ன், பின்தொட்டியில் அறுபது மூட்டை சிமெண்ட் ஏற்றியிருந்தது. வண்டியின் பின்புறம் அமுங்கி மூக்கு வானத்தைப் பார்த்தது. பாரம் ஏற்றிய பிக்கப்பைப் பேரவை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். பிரிகேடியர், குதிரைப் பந்தயத்தில் ஓட்டும் ஆள் ஒருவனை நியமித்திருந்தது. அவன் நூற்றுப்பத்து பவுண்டு. இருக்கையை அடிமட்டத்துக்கு இறக்கியதும் கண்ணாடியில் தொப்பி நுனி மட்டும் தெரிந்தது.

சாவரினின் துணைத் தலைவர் பிரெண்ட் ஆஷ்காம் டெட்ராய்ட்டிலிருந்து வந்திருந்தார். டேனுக்கு வந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அவருக்கு டேனை ஞாபகமில்லை. ஆறடி நாலங்குல உயரம். தானே ஓட்டுவதாகச் சொல்லி ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்தார். புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டேன் கம்பத்தைப் பம்பரோடு ஒட்டி நிறுத்தி, ஓரெட்டு தள்ளி வைத்தான். ஹாரன் இல்லை. இன்னொரு எட்டு. வெயில் சுட்டது. அவனுடைய கை கம்பத்தின் உச்சியில், சிவப்புக்குக் கீழே இருந்தது. தலையை வருடுவதுபோல. இன்னும் ஓரெட்டு.

பிரிகேடியர் எட்டடி இரண்டங்குலம். பக்ஹார்ன் ஏழடி. சாவரின் ஐந்தடி.

ஆஷ்காம் வண்டியைவிட்டுக் குதித்தார்.

“இது அநியாயம்! ஒருத்தன் சிமெண்ட்டு ஏத்தறான், ஒருத்தன் சின்னப் பயல உக்கார வைக்கிறான். எங்களுக்கு அந்தப் பித்தலாட்டமெல்லாம் எதுக்கு? ‘எல்லாத்துக்கும் மேல சாவரின்’னு நாடு முழுக்கப் போர்டு வச்சிருக்கோம். மூணாவது எடமா?”

“முடிவு டேப்போடது சார்” என்றான் டேன்.

“உங்க டேப்பு யாருக்கு வேணும்? எங்க லேப்ல சராசரி உயர ஓட்டுநரை வச்சு அளந்திருக்கோம். பதினோரு அடி! ஆறு வருஷத்துக்கு முன்னாடியே!”

பண்ணையில் காற்று வீசியது. பாயின் ஓரம் மடங்கியது.

“அப்படியா சார்? நான் நம்ப மாட்டேனே” என்றான் டேன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் தவளைக்குக் கத்த மட்டும்தான் தெரியும். இவர் எழுத்தில் கொண்டுவந்து தந்தார். பதினான்காம் விதிப்படி, மூன்றாம் நாள் தனி விமானத்தில் அறிக்கை வந்து இறங்கியது. நாற்பத்தாறு பக்கம். தலைமைப் பொறியாளர் கையெழுத்து. தேதி, கோரா இறப்பதற்கு நாலரை வருஷம் முந்தியது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தது: ‘குட்டையான ஆள் பதினோரு அடிவரை ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. பானெட்டைத் தாழ்த்தினால் சரியாகும். வாடிக்கையாளர்கள் இவ்வுயரத்தை விரும்புகிறார்கள், ஆகவே தாழ்த்தவேண்டாம்.’

வனெட்டா ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தினார். நாற்பத்தாறு குத்து. முப்பத்தொன்றாம் பக்கத்தில் மட்டும் மேசை அதிர்ந்தது.

“கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க ராசா. நீங்களா மனசார ஒப்படைக்கிறதா” என்றார்.

ஆஷ்காம் மனசாரப் போட்டார். பேனா வனெட்டாவுடையது. முறையீடு ஏற்கப்பட்டது; முதலிடம் சாவரினுக்கு மாறியது.

*

விழா அபிலீன் கண்காட்சி மண்டபத்தில். எண்ணூறு பேர். இறைச்சியும் அவரையும் சோள ரொட்டியும். நாற்பத்தொரு விருதுகள் இரண்டரை மணி நேரம் ஓடின. கதவோசை விருது பெற்ற பிரிகேடியர்காரர், மேடைக்கே ஒரு கதவைக் கொண்டுவந்து சாத்திக் காட்டினார்.

கடைசியாக ராய்ஸ் மேடையேறினார். முன்கம்பீர விருதுக்கான கேடயத்தை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். டேனின் கம்பத்தையே அச்செடுத்து வெண்கலத்தில் வார்த்திருந்தார்கள். அதே உயரம்.

ஆஷ்காம் அதன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். கம்பத்துக்குத் தோள் கிடையாது. ஆனால் அவர் கை எங்கே இருந்தது என்பது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த டேனுக்குத் தெரியும். கல்யாணப் புகைப்படத்தில் அவன் கையும் அங்கேதான் இருந்தது.

“நண்பர்களே!” என்றார் ஆஷ்காம். “ஒரு மனுஷன் ஏன் எங்க சாவரினை வாங்குறான்? சுமக்கவா? இழுக்கவா? இல்ல. மறக்கறதுக்கு! ஸ்டியரிங்குல உக்காந்தா முன்னாடி பதினோரு அடிக்கு அவனைத் தொந்தரவு பண்ண ஒருத்தரும் இல்ல. தொடுவானம் மட்டும்தான். ஏதோ தற்செயலா அமைஞ்சதுன்னு நினைக்காதீங்க. எங்க ஆளுங்க ஆறு வருஷம் முன்னாடியே அளந்துட்டாங்க. குறைக்கலாமான்னு கேட்டாங்க. குறைக்காதேன்னு சொன்னது யாரு? நான்தான்!”

எண்ணூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டேனும் எழுந்தான். பின்னாலிருந்தவருக்கு மறைக்குமே என்று பக்கவாட்டில் நகர்ந்து நின்றுகொண்டான். நேரலை அன்றிரவே நாலு லட்சம் பேரைத் தொட்டது. மறுவாரம் நெடுஞ்சாலைப் பலகைகளில் ஏறியது: ‘பதினோரு அடி. உங்களுக்கு மட்டும்.’

டேன் முத்திரை குத்திய நகலை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனான். அந்தப் பெண் முப்பத்தொன்றாம் பக்கத்தை இரண்டு தரம் படித்தாள்.

“கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கே சார். எப்படி வாங்குனீங்க?”

“விருது கொடுத்தோம்.”

அவள் மேலதிகாரியிடம் போனாள். அவர் அரசு வக்கீலிடம் போனார். அதற்குள் செய்தி கசிந்துவிட்டது. முன்பு டேனின் வழக்கை எடுக்க மறுத்த வக்கீலம்மா ஒருவர் தாமாகவே கூப்பிட்டார். பெயர் ஃபே ஹாலோரன். “பணம் எனக்கு வேணாம். அந்த ஒரு வரியை அடிக்கணும். அடிக்கறதுக்கு முன்னாடி அந்த ஆஷ்காம் என் எதிர்ல உக்காந்து பதில் சொல்லணும்” என்றான் டேன்.

“ரெண்டும் கிடைக்கும்” என்றார் ஹாலோரன்.

பிறகு பேரவைக்கு ஒரு வாரம் கடிதங்களாக வந்தன. சாவரின், கேடயத்தைத் திருப்பித் தருவதாகவும், அந்த விருதுக்கு உண்மையில் தகுதியானது பிரிகேடியர்தான் என்றும் பெருந்தன்மையோடு எழுதியது. தன் ஓட்டுநர் ஒரு குள்ளர் என்பதால் அளவு செல்லாது என்று பிரிகேடியர் உடனே பதிலெழுதியது. பக்ஹார்னே முதலிடம் என்றது. பக்ஹார்ன், சிமெண்ட் ஏற்றியது குற்றமென்று தன்மேலேயே புகார் கொடுத்தது. முப்பத்தோரு ஆண்டுகளில் முதன்முறையாக மூன்று நிறுவனங்களும் கடைசி இடத்துக்குப் போட்டியிட்டன.

ராய்ஸ் டேனின் மேசைக்கு ஓடிவந்தார். “தம்பி, விருதைத் திருப்பி வாங்க விதி இருக்கா?”

“பத்தொம்பதாம் விதி. கொடுத்த விருதை வாங்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.”

“அந்த விதியை யாருய்யா எழுதினது?”

“நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார்.”

செவ்வாய்க்கிழமை பக்ஹார்ன் ஆட்கள் வந்து காப்பி இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். புதன்கிழமை குளிர்சாதனம் போனது. வெள்ளிக்கிழமை பிரிகேடியர் தன் கூரையைக் கேட்டது. சனிக்கிழமை மழை. டேன் தன் சாமான்களை எடுக்கப் போனபோது ராய்ஸ் மேசையின் தலைமாட்டில், தலையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். தொப்பியின் விளிம்பிலிருந்து கோப்புகள்மேல் நீர் சொட்டியது. பக்கத்து நாற்காலி காலியாக நனைந்துகொண்டிருந்தது.

“உனக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணினோம் தம்பி? மௌனம்கூட அனுசரிச்சோமே” என்றார்.

“எஞ்சின் ஓடிட்டிருந்துச்சு சார்” என்றான் டேன். அளவு டேப்பை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தான்.

*

நீதிமன்றத்துக்கு முந்தைய விசாரணை, வக்கீல் அலுவலகத்து நீளமான அறையில். மேசையின் ஒரு பக்கம் டேனும் ஹாலோரனும். எதிர்ப்பக்கம் ஆஷ்காமும் சாவரினின் வக்கீல் லாங்ஸ்டன் கீட்டும். மூலையில் தட்டெழுதும் பெண். சுவரோரம் வெண்கலக் கம்பம். கழுத்தில் ‘சான்று 7’ என்று சீட்டு தொங்கியது.

காலை முழுக்க ஹாலோரன் ஆஷ்காமைக் கேட்டார். யாரும் அளந்ததில்லை என்று எழுதினீர்களா? எழுதினேன். அளந்திருந்தீர்களா? அது விருதுக்காகச் சொன்னது. அப்படியானால் அறிக்கை பொய்யா? இல்லை. கடிதம் பொய்யா? ஆஷ்காம் தண்ணீர் குடித்தார். ஐந்து தம்ளர். குறைக்காதே என்று சொன்னது யார்? அவர் கீட்டைப் பார்த்தார். ஹாலோரன் நேரலைப் பதிவைப் போட்டார். திரையிலிருந்த ஆஷ்காம் சொன்னார்: “நான்தான்!” எண்ணூறு பேரில்லாத அந்த அறையின் அமைதியில் அது நன்றாகக் கேட்டது. ஹாலோரன் அதை இன்னொரு முறை போட்டார். தேவையில்லை, ஆனாலும் போட்டார். டேன் இன்னும் ஒரு முறை போடச் சொன்னான். அவர் மூன்றாம் முறையும் போட்டார்.

மதியம் கீட்டின் முறை. இனி அவருக்குக் கையிருப்பு ஒரே ஒரு வரிதான். காவல் பதிவை மேசையில் விரித்தார்.

“மிஸ்டர் மாரெக், உங்க மனைவி அப்போ போன்ல பேசிட்டிருந்தாங்க. சரியா?”

“சரி.”

“உங்ககூட.”

“என்கூட.”

“கூப்பிட்டது நீங்கதான்.”

“நான்தான். காப்பித்தூள் வாங்கிட்டு வரச் சொல்ல.”

“ஆக, ஒரு பெரிய வண்டி முன்னால நடக்கும்போது அவங்க கவனம் காப்பித்தூள்ல இருந்துச்சு. வண்டியில இல்ல. எங்க வண்டி பதினோரு அடி மறைச்சா என்ன, நூறடி மறைச்சா என்ன? அவங்க பார்க்கவே இல்லையே.”

டேன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஒரு பிக்கப் நின்று, யாரோ கடப்பதற்காக அதன் ஓட்டுநர் விரலைத் தூக்கினார்.

ஹாலோரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டேன் வேண்டாமென்று கையை அசைத்தான்.

கீட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஜெயித்தவரின் சாய்வு. “சரி, பதிவுக்காகக் கேக்கறேன். உங்க மனைவி கடைசியா என்னதான் பேசினாங்க? அதே வார்த்தைல சொல்லுங்க. எழுதிக்கட்டும்.”

இருபது மாதத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். டேன் தட்டெழுதும் பெண்ணின் பக்கம் திரும்பினான். அவள் விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டாள். அவன் ஒவ்வொரு வார்த்தையாக, அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து காத்திருந்து சொன்னான்:

“இரு டேன், எதிர்ல ஒரு பெரிய வண்டி நிக்குது. அந்த அண்ணன் விரலைத் தூக்கி என்னை முதல்ல போகச் சொல்றார். பாவம், எனக்காகக் காத்துக்கிட்டிருக்கார், ஒரு கையைக் காட்டிட்டு வர்றேன்.”